மலையடி வீடும் அதைச் சோதிக்கும் சொற்களும்

தமிழ்நாட்டில் வீடு வாங்க எண்ணும் ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் ஒப்படைத்து, அவருடைய கருத்து எழுத்தில் கைக்கு வந்த பின்னரே முன்பணம் கொடுக்கப் பழகியிருக்கிறார். அந்தப் பத்திரம் சுட்டும் கட்டடத்தின் கூரைக் கம்பி துருவேறியிருக்கிறதா, கடைக்கால் கெட்டி மண்ணில் நிற்கிறதா, சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவரை அமர்த்தும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. கடன் கொடுக்கும் வங்கி அனுப்புகிற மதிப்பீட்டுப் பொறியாளர், அந்தச் சொத்து கடன் தொகைக்கு ஈடாகுமா என்பதைத்தான் முதன்மையாகக் கணிக்கிறார். அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர்களுக்கென்று 1976-இலேயே ஒரு தொழில்முறைச் சங்கம் உருவாகி, விற்பனைக்கு முன் வீட்டைக் கூரை முதல் கடைக்கால் வரை சோதித்து அறிக்கை தருவது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. இங்கே அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர், மேஸ்திரி, உறவினர்களில் கட்டட வேலை தெரிந்த ஒருவர் என்று பலர் கையில் சிதறிக் கிடக்கிறது.

சட்டமும் இந்த இடைவெளியை நிரப்புவதில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு குடியிருப்புகளுக்குக் கட்டட முடிவுச் சான்று பெறுவதிலிருந்து விலக்கு அளித்தன. 2024 ஜூலை 22 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சுயசான்றிதழ் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமாகவோ தரைத்தளமும் முதல் தளமுமாகவோ வீடு கட்டுபவர், தாமே சான்றளித்து இணையவழியில் உடனடியாக அனுமதி பெற்றுக்கொள்ளலாம். அனுமதிக்காக மாதக்கணக்கில் அலைந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அலுவலர் ஒருவர் வந்து பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பு விலகிவிட்ட நிலையில், ஒரு சிறு வீட்டுக்கு நடக்கக்கூடிய உண்மையான ஆய்வு அதன் உரிமையாளர் பார்ப்பதும் கேட்பதும் மட்டுமே என்றாகிறது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் சொற்கள் வேண்டும். அந்தச் சொற்களோ, கொத்தனாரும் சித்தாளும் புழங்கும் வேலைத்தளப் பேச்சாகவும், அரசாணைகளிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூல்களிலும் உறையும் ஆவண மொழியாகவும் பிரிந்து நிற்க, பணம் போடுபவர் இரண்டுக்கும் நடுவே இரண்டும் புரியாமல் நிற்கிறார். திருவண்ணாமலை போன்ற மலையடி நகரத்தில் இந்த அறியாமை வெறும் பண இழப்போடு முடிவதில்லை என்பதால், அந்த ஊரை முன்வைத்தே இச்சொற்களை விளக்குவது பொருந்தும்.

ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயிலும், அதைச் சுற்றிய மாட வீதிகளும், அவற்றிலிருந்து கிளைத்த குடியிருப்புகளுமாக நகரம் விரிந்துள்ளது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் காலத்தில் முடிவுற்ற 217 அடி உயர இராஜகோபுரத்தில், கீழ்ப்பகுதி கருங்கல்லாலும் மேல் நிலைகள் செங்கல்லாலும் சுதையாலும் அமைந்திருப்பது, பாரத்தைப் பற்றிய தெளிவான ஒரு கணக்காகும். மேலே போகப் போக எடை குறைய வேண்டும், மொத்த எடையும் இறங்கும் இடத்தில் நசுங்காத பொருள் இருக்க வேண்டும், அந்தப் பொருளும் அசையாத நிலத்தில் ஊன்ற வேண்டும். இன்றைய வீட்டின் கலைச்சொற்கள் பெரும்பாலும் இந்தப் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் குறிப்பவைதாம். கூரைத் தளத்திலிருந்து பீமுக்கும், பீமிலிருந்து பில்லருக்கும், பில்லரிலிருந்து ஃபுட்டிங் எனப்படும் அகன்ற அடிப்பாதத்துக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் இறங்கும் பாரம், இவற்றில் எங்கே தடுமாறினாலும் அந்தத் தடுமாற்றம் பிறகு சுவரில் விரிசலாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

நிலத்தைப் பற்றிய சொற்களில் முதலில் அறிய வேண்டியவை அசல் மண், நிரப்பு மண் என்ற இரண்டும் ஆகும். காலங்காலமாக இருந்தபடி இறுகிக் கிடக்கும் மண் அசல் மண். பள்ளத்தையோ ஏரிக்கரையையோ மலைச்சரிவையோ மட்டமாக்குவதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது நிரப்பு மண். மனைப்பிரிவு போடுபவர் சமப்படுத்திச் செம்மண் பரப்பிவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மலையடியில் ஒரே மனையின் மேற்பகுதி வெட்டப்பட்டு அசல் மண்ணாகவும், கீழ்ப்பகுதி அந்த வெட்டு மண்ணால் நிரப்பப்பட்டதாகவும் இருப்பது இயல்பு. அப்படிப்பட்ட மனையில் வீட்டின் ஒரு பாதி அசையாமல் நிற்க, மறுபாதி மழைக்கு மழை சற்றே இறங்கும். இதைப் பொறியாளர்கள் சமனற்ற அமிழ்வு என்கின்றனர். வீடு முழுவதும் ஒரே அளவில் ஓரங்குலம் இறங்குவதைக் காட்டிலும், ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்குவது கட்டடத்துக்குக் கூடுதல் கேடு. மண்ணின் தாங்குதிறனை அறிய நடத்தப்படும் தர ஊடுருவல் சோதனையில், 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்து, ஒரு குழாயைத் துளைக்குள் இறக்கி, முதல் 15 செ.மீ. ஆழத்தை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டியிருந்தது என்று எண்ணுகின்றனர். சிறு வீடுகளுக்கு இச்சோதனையைச் செலவு என்று ஒதுக்குவது பரவலான பழக்கம். பின்னால் சுவரைப் பிளந்து சீர்செய்யும் செலவோடு ஒப்பிட்டால், அந்தச் சிக்கனத்தை நியாயப்படுத்துவது கடினம்.

கடைக்காலுக்காகப் பள்ளம் எடுப்பதை வேலைத்தளத்தில் வானம் தோண்டுதல் என்பர். ஆழம் இத்தனை அடி என்று மேஸ்திரி சொல்வது வழக்கமானாலும், ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டியது அளவுகோல் அன்று. கெட்டி மண் எங்கே தொடங்குகிறது என்பதே. பள்ளத்தின் அடியில் போடும் மெல்லிய வெற்றுக் காங்கிரீட் படுகையை பி.சி.சி. என்கின்றனர், கம்பி இல்லாத இந்தப் படுகை, ஃபுட்டிங்கின் கம்பி நேரடியாக மண்ணைத் தொட்டுத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வானம் தோண்டி முடித்த நாளுக்கும் பி.சி.சி. போடும் நாளுக்கும் இடையில் மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் நின்றிருந்தால், ஊறிய சேற்றை வழித்தெடுத்துவிட்டே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டுக்காரர் நேரில் நின்று பார்க்க வேண்டிய முதல் நாள் இதுதான், ஏனெனில் இதன்மேல் காங்கிரீட் விழுந்த பிறகு அந்த மண்ணை யாரும் பார்க்க முடியாது.

தரைமட்டத்துக்கு மேலும் வீட்டின் உள்தரைக்குக் கீழும் எழும் மேடைப் பகுதி பிளின்த் எனப்படுகிறது. தமிழ்நாட்டு வேலைத்தளங்களில் இதையே பேஸ்மெண்ட் என்கின்றனர், நிலத்தடி அறையை அன்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சுற்றியுள்ள நிலமட்டத்தைவிட இது 45 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும் என்கிறது. பழைய தெருக்களில் சாலையின் மேல் சாலை போட்டு மட்டம் ஏறியதால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இப்போது இறங்கிப் போக வேண்டியிருப்பதைத் தமிழகத்தின் எந்தக் கோயில் நகரத்திலும் காணலாம். 2021 மே மாதத்தில் மாநிலத் தலைமைச் செயலாளர், பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியதற்குக் காரணம் இதுவே. மலையிலிருந்து நீர் இறங்கும் ஊரில் பிளின்த் உயரத்தை இன்றைய சாலையிலிருந்து கணக்கிடுவது போதாது. மனையின் மேட்டுப்புறத்தில், நீர் வந்து முட்டும் பக்கத்தில் அளக்க வேண்டும்.

சுவரைச் சோதிக்கும் கருவிகள் எளியவை, பழையவை, இன்றும் நம்பத்தக்கவை. நூலில் தொங்கும் தூக்குக்குண்டு செங்குத்தையும், கண்ணாடிக் குழலுக்குள் காற்றுக்குமிழி மிதக்கும் ரசமட்டம் கிடைமட்டத்தையும், மூலைமட்டம் செங்கோணத்தையும் காட்டுகின்றன. மூலைமட்டம் இல்லாவிட்டாலும், ஒரு சுவரில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே 5 அடி வருகிறதா என்று நாடா பிடித்துப் பார்த்துவிடலாம். நீர் நிரப்பிய நீண்ட குழாயான டியூப் லெவலைக் கொண்டு வீட்டின் இரு எதிர் மூலைகளின் மட்டத்தை ஒப்பிடலாம். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநூல், 3 மீட்டர் உயரத்துக்குச் சுவர் 6 மி.மீட்டருக்கு மேல் செங்குத்திலிருந்து விலகக் கூடாது என்கிறது. பூச்சு வேலை முடிந்த பிறகு இதைச் சோதிப்பதில் பயன் குறைவு. கோணிய சுவரைக் கனமான பூச்சால் நேராக்கிக் காட்டிவிட முடியும்.

வீட்டின் ஆயுளை மற்ற எல்லாவற்றையும்விட மிகுதியாகத் தீர்மானிப்பது கம்பிக் காங்கிரீட் என்பதால், அதன் சொற்களைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்ள வேண்டும். எம்-20 என்று வரைபடத்தில் எழுதியிருந்தால், அந்தக் கலவையில் வார்த்த 15 செ.மீ. கனசதுரம் 28 நாள் கழித்து ஒவ்வொரு சதுர மி.மீட்டருக்கும் 20 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்று பொருள். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதிநூல் ஏற்கும் மிகக் குறைந்த தரம் அதுவே. அதே நூல், எடையளவுப் பட்டியலில், ஒரு மூட்டை அதாவது 50 கிலோ சிமெண்டுக்கு, எம்-20 கலவையில் 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று வரம்பிடுகிறது. கலவை இளகினால் தள்ளிப் பரப்புவது எளிதாகும் என்பதற்காகச் சித்தாளிடம் இன்னொரு குடம் ஊற்றச் சொல்வது தளத்தில் அன்றாடம் நடப்பது. சிமெண்டோடு வினைபுரியத் தேவையானதற்கு மேல் ஊற்றிய நீர் பின்னர் ஆவியாகி வெளியேற, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாகி, வலிமையும் நீர்புகாத் தன்மையும் ஒருங்கே குறைகின்றன. சிமெண்டில் கலப்படம் என்று பிறகு எழும் குற்றச்சாட்டுகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கூடுதல் குடம்தான் என்று கருத இடமுண்டு.

கூரை போடுவதற்கு முன் பலகையும் தகரமும் கொண்டு அமைக்கும் அச்சைச் சென்ட்ரிங் என்றும், அதைத் தாங்கும் கம்புகளை முட்டு என்றும் சொல்கின்றனர். அச்சின்மேல் கம்பி கட்டி முடித்ததும், கம்பிக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் சிறு காங்கிரீட் வில்லையே கவர் பிளாக். இது உண்டாக்கும் இடைவெளி, அதாவது கம்பியைப் போர்த்தியிருக்கும் காங்கிரீட்டின் தடிமன், கவர் எனப்படுகிறது. சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40 மி.மீ., மண்ணுக்குள் போகும் ஃபுட்டிங்குக்கு 50 மி.மீ. இருக்க வேண்டும். கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியை முட்டுக்கொடுத்துவிட்டால், காங்கிரீட் கொட்டுபவர்களின் காலடியில் அது நழுவி, கம்பி அச்சின்மேலேயே படிந்துவிடும். சில ஆண்டுகளில் ஈரமும் காற்றும் அந்தக் கம்பியை எட்ட, துருவாக மாறும் இரும்பு பல மடங்கு பருத்து, கீழிருக்கும் காங்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. பழைய வீடுகளின் சன்ஷேடுகளிலும் குளியலறைக் கூரைகளிலும் கம்பி தெரிய நிற்கும் காட்சிக்கு இதுவே தொடக்கம். பில்லரையும் பீமையும் சுற்றிக் கட்டும் ரிங் எனப்படும் வளையங்களின் முனைகள் உள்நோக்கி நன்றாக மடக்கப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே செங்கோணத்தில் மடக்கியவை பெரும் அதிர்ச்சியில் விரிந்து, நெடுக்குக் கம்பிகளைக் கைவிட்டுவிடும். காங்கிரீட்டை அதிர்வுக் கருவியால் இறுக்காமல் விட்டால், அச்சைப் பிரித்ததும் ஜல்லிகள் தனித்தனியே தெரியும் பொந்துகள் வெளிப்படும்; இதைத் தேன்கூடு என்பர். அந்தப் பொந்துகளை அன்றே சிமெண்டுப் பாலால் பூசி மறைப்பது எளிது என்பதால், அச்சுப் பிரிக்கும்போது உடனிருப்பது வீட்டுக்காரர் தவறவிடக் கூடாத இன்னொரு நாள்.

காங்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. ஆகவேதான் தளத்தின்மேல் கலவையால் சிறு வரப்புகள் எழுப்பி, பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்கிவைக்கின்றனர். சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும், இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் குறைந்தபட்சம் ஈரம் காக்க வேண்டும் என்கிறது விதிநூல். பில்லருக்குப் பாத்தி கட்ட முடியாது. சாக்கைச் சுற்றி நனைத்து வைக்க வேண்டும். பாரம் முழுவதும் இறங்கும் பில்லருக்கே பெரும்பாலும் குறைவான தண்ணீர் கிடைப்பது கவலைக்குரிய முரண். முட்டுகளை எடுக்கும் காலமும் இதைப் போன்றதே: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் முட்டு நிற்க வேண்டும்.

மாட வீதிகளைப் போன்ற பழைய பகுதிகளில் வீடு வாங்குவோர் இன்னொரு வகைக் கூரையையும் அறிந்திருக்க வேண்டும். தேக்குச் சட்டங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காங்கிரீட்டைப் பல நாள் கட்டையால் தட்டி இறுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையில் இரும்புக் கம்பி கிடையாது. ஆகவே துருவும் கிடையாது. அதன் பலவீனம் சட்டங்களின் நுனிகள் சுவருக்குள் புதையும் இடத்தில் இருக்கிறது. ஈரமும் கரையானும் அங்கேதான் முதலில் நுழைகின்றன. இத்தகைய கூரையின்மேல் சிமெண்டுப் பூச்சும் தட்டோடும் ஏற்றுவது, சுண்ணாம்பின் மூச்சை அடைத்து ஈரத்தை உள்ளேயே தேக்குவதோடு, சட்டங்களின் பாரத்தையும் கூட்டிவிடுகிறது. பழைய கூரையை இடித்துவிட்டுக் காங்கிரீட் போடுவதே முன்னேற்றம் என்ற எண்ணம் பரவிவிட்டது வருந்தத்தக்கது, ஏனெனில் நுனிகளைப் பார்த்துச் சீர்செய்தால் இன்னும் நெடுங்காலம் நிற்கக்கூடிய கூரைகள் அவற்றில் உண்டு.

கட்டி முடித்த வீட்டை ஆராயும்போது விரிசல்களைப் படிக்கத் தெரிவதே தலையாய திறன். பூச்சு மட்டும் வெடித்து வலைபோலப் பரவியிருக்கும் மயிரிழை விரிசல் அழகுக் குறையே அன்றி ஆபத்தில்லை. பில்லரும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் பிளவு, இரு பொருள்களும் வெயிலுக்கு வேறுவேறு அளவில் நீள்வதால் வருவது. பூசுமுன் அந்த இணைப்பில் கோழிவலை அடித்திருந்தால் தவிர்த்திருக்கலாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறும் விரிசலோ கடைக்கால் ஒரு பக்கம் அமிழ்வதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அது நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பதை அறிய, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி, தேதியை எழுதிவைப்பது பொறியாளர்களின் பழைய முறை; சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஒரு சுற்றுப் பார்த்த பிறகே முடிவுக்கு வருவது நல்லது. சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குள் உப்புப் பூத்து வண்ணம் உரிந்திருந்தால், நிலத்தின் ஈரம் செங்கல் வழியே ஏறுகிறது என்று பொருள். இதை ஓதம் என்பர். பிளின்த் மட்டத்தில் போட வேண்டிய ஈரத்தடுப்புப் படலம் இல்லாததாலோ, வெளித் தரை அதற்கு மேலாக உயர்ந்துவிட்டதாலோ இது நேர்கிறது. விற்கும் வீட்டுக்குப் புதிதாக அடித்திருக்கும் வண்ணம் இவை அத்தனையையும் சில மாதங்களுக்கு மறைத்துவிடும்.

இதுவரை கூறிய சொற்கள் யாவும் மதிலுக்கு உட்பட்டவை. திருவண்ணாமலையில் மதிலுக்கு மேலே, மலையில், இன்னோர் ஆய்வு தேவைப்படுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து உள்மாவட்டங்களில் பெருமழை கொட்டியதைத் தொடர்ந்து, டிசம்பர் 1 அன்று மாலை மலைச்சரிவை ஒட்டிய வ.உ.சி. நகரில் மண்ணும் பெரும்பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில், ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். பல டன் எடையுள்ள பாறை உருண்டு வரும்போது, எம்-20 காங்கிரீட்டோ சரியான கவரோ எந்த வீட்டையும் காத்துவிட முடியாது. ஆகவே அந்தத் துயரத்தைக் கட்டுமானக் குறையாகவோ, குடியிருந்தவர்களின் பிழையாகவோ பேசுவது அறமாகாது. நகருக்குள் மனை வாங்க இயலாதவர்களே மலைமேல் ஏறுகின்றனர். அவர்களிடம் இருக்கும் மின் இணைப்பு அட்டையும் வீட்டுவரி ரசீதும் கட்டட அனுமதியும் அல்ல, அந்தச் சரிவு பாதுகாப்பானது என்பதற்கான சான்றும் அல்ல என்பதை எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை, அவற்றை வழங்கும் அமைப்புகளுக்கே உண்டு.

சரிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கும் சில சொற்கள் இருக்கின்றன. கெட்டியான மூலப்பாறையின்மேல் சிதைந்த மண்ணும், அந்த மண்ணில் புதைந்த உருண்டைப் பாறைகளும் போர்வைபோல் கிடக்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறைப் பரப்பில் தடைப்பட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தளத்தில் தேங்கும்போது, மண்துகள்களை ஒன்றோடொன்று இறுக்கியிருக்கும் உராய்வைத் துளைநீர் அழுத்தம் தளர்த்திவிடுகிறது. வீட்டுக்கு இடம் பண்ணச் சரிவின் அடியை வெட்டுவது, மேலிருக்கும் மண்ணுக்கு இருந்த முட்டை எடுப்பதற்குச் சமம். அப்படி வெட்டிய முகப்பைத் தாங்க எழுப்பும் தடுப்புச்சுவரில், நீர் வெளியேறுவதற்காக விடும் துளைகளை வீப் ஹோல் என்கின்றனர். மூன்று மீட்டர் உயரத் தடுப்புச்சுவரின் பின்னால் நீர் முழு உயரத்துக்கும் தேங்கிவிட்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் மட்டுமே ஏறத்தாழ நாலரை டன் விசையோடு தள்ளும். மண்ணின் தள்ளுவிசை இதற்கு மேல். வடிகால் இருந்து மண் உலர்ந்திருக்கும்போது அதே சுவர் தாங்க வேண்டியது, மொத்தமாகவே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன்தான். மழைக்காலத்தில் துளைகளிலிருந்து நீர் வடிவது அழுக்காகத் தெரிகிறதென்று சிமெண்டு வைத்து அடைப்பவர்கள், சுவரின் மேல் விழும் பாரத்தை இரட்டிப்பாக்குகின்றனர். துளைகளின் பின்புறம் ஜல்லியால் வடிகட்டிப் படுகை இல்லாவிட்டால், அவை மண்ணால் தாமாகவே அடைபட்டுவிடும். மழை ஓய்ந்த பிறகும் வடிநீர் தெளியாமல் கலங்கியே வந்தால், உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று கொள்ள வேண்டும்.

இந்த மலையடிக்கு இது புதிய அறிவும் அன்று. ரமணாசிரமத்தில் 1928 முதல் பத்தாண்டுக் காலம் கட்டட வேலைகளை மேற்பார்த்த அண்ணாமலை சுவாமி செய்வித்த பணிகளில், மலையிலிருந்து இறங்கும் வெள்ளம் ஆசிரமத்துக்குள் புகாமல் தடுக்கும் கற்கட்டும் ஒன்று. கூடத்துக்கும் கோசாலைக்கும் காட்டிய அதே கவனம், நீரின் வழிக்கும் அங்கே காட்டப்பட்டது.

ஒரு நகரமே தன் சரிவுகளை ஆய்வுக்கு உட்படுத்தியதற்கு ஹாங்காங் சான்றாக நிற்கிறது. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு இடங்களில் நிகழ்ந்த சரிவுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1976-இல் மீண்டும் உயிர்ச்சேதம் நேர்ந்தபின், 1977-இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கென்றே தனி அலுவலகம் அமைக்கப்பட்டது. இன்று அங்கே மனிதர் வெட்டியமைத்த ஏறத்தாழ 60,000 சரிவுகளும் தடுப்புச்சுவர்களும் பதிவேட்டில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்ற குறிப்பும் உண்டு. சுயசான்றிதழ் முறையில் சிறு வீடுகளின் ஆய்விலிருந்து விலகிக்கொண்ட அரசு, அதனால் மிச்சமாகும் அலுவலர்களின் நேரத்தை மலையடிச் சரிவுகளின் பதிவேட்டுக்குச் செலவிடுவது நியாயமான பங்கீடாக இருக்கும். வீட்டுக்குள் கம்பியையும் கலவையையும் பார்த்துக்கொள்ள உரிமையாளரால் முடியும். மலையில் இருநூறு அடி உயரத்தில் தொற்றி நிற்கும் பாறையைத் தனியொருவரால் பார்த்துக்கொள்ள முடியாது.

அதுவரை, மலையடியில் மனை பார்ப்பவர் கையில் இருக்கும் வலுவான ஆவணம் நில அளவைத் துறையின் புலப்படம். ஓடையும் வாய்க்காலும் அதில் தனிக்கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். வருவாய்ப் பதிவேட்டில் அவை ஓடைப் புறம்போக்கு என்றோ வாய்க்கால் என்றோ பதிவாகியிருக்கும். கோடை காலத்தில் வறண்டு, மண் மூடி, பாதையாகவே மாறிப்போன ஓடையும் அந்தப் படத்தில் தன் வழியோடு இருக்கும். படத்தை எடுத்துக்கொண்டு, கார்த்திகை மாத மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் மனைக்குப் போய், நீர் எந்தப் பக்கம் வருகிறது, எங்கே முட்டுகிறது, பின்புறத் தடுப்புச்சுவரின் துளைகள் வடிகின்றனவா, மேலே உருண்டைப் பாறைகள் மண்ணிலிருந்து பிதுங்கி நிற்கின்றனவா, சரிவிலிருக்கும் மரங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.